ஒரே கதிரவன், இரண்டு வேனில்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

"ஊட்டிக்குப் போகலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் மாணவி எங்கள் பள்ளியில் ஒருத்தியும் இல்லை. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் ஒரு நிபந்தனை விதித்தார்கள். "படகில் ஏறி, பூங்காவைப் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு வந்தால் போதாது. அங்குள்ள தட்பவெப்ப நிலையைப் படித்து வந்து, நம் ஊரோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்" என்றார்கள். அவ்வாறு படித்ததையும், படிக்கப் போய் எதிர்பாராமல் தெரிந்துகொண்டதையும் இக்கட்டுரையில் தருகிறோம்.

ஒரே அட்சம்

புறப்படுவதற்கு முன் வகுப்பில் தமிழ்நாட்டுப் புவிப்படத்தை விரித்துப் பார்த்தோம். எங்கள் ஊத்துக்குளியும் உதகமண்டலமும் வட அட்சம் 11 டிகிரிக்கும் 12 டிகிரிக்கும் இடையிலேயே இருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 85 கிலோமீட்டர்தான். எனவே கதிரவன் இரண்டு ஊர்களுக்கும் ஏறக்குறைய ஒரே நாளில்தான் தலைக்கு நேர் மேலே வருகிறான். ஏப்ரல் 20-ஆம் நாளையொட்டி ஒருமுறையும், ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில் மறுமுறையும் நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே விழுகிறது. ஊட்டியிலும் அப்படியே.

அப்படியானால் பங்குனி, சித்திரை மாதங்களில் நாம் விசிறியோடு போராடும்போது, ஊட்டியில் உள்ளவர்கள் கம்பளிச் சட்டை அணிவது ஏன்? விடை ஒரே சொல்லில் அடங்கும். அது உயரம். ஊத்துக்குளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகமண்டலமோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது.

காற்று நேராகக் கதிரவனால் அதிகம் சூடாவதில்லை. தரை சூடாகி, அந்தத் தரை காற்றைச் சூடாக்குகிறது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. மேலும், அங்குள்ள மெல்லிய காற்றால் வெப்பத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்க இயலாது. சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். இந்தக் கணக்கின்படி ஊட்டி நம் ஊரைவிடச் சுமார் பன்னிரண்டரை டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். இது சரிதானா என்று சோதித்துப் பார்க்கத் துணிந்தோம்.

இரண்டு வெப்பமானிகள்

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை ஆய்வகத்திலிருந்து வாங்கினோம். ஒன்று எங்களோடு பயணம் செய்தது. மற்றொன்று, சுற்றுலாவுக்கு வர இயலாத தோழிகளிடம் பள்ளியிலேயே இருந்தது. இரு பிரிவினரும் பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி ஆகிய நேரங்களில் நிழலில் வைத்து அளந்து எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. நிழல் என்பது முக்கியம். முதலில் எங்களில் சிலர் வெப்பமானியை வெயிலில் பிடித்துவிட்டோம். "வெயிலில் பிடித்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் சுடுபட்டதைத்தான் காட்டும்" என்று சிஸ்டர் திருத்தினார்கள்.

விடியுமுன் புறப்பட்ட பேருந்து அவிநாசியைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்தது. அதுவரை சமவெளி. கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் பாக்கு மரங்களும் பலா மரங்களும் அடர்ந்திருந்தன. மேலே ஏற ஏற அவை மறைந்தன. குன்னூரை நெருங்கும்போது தேயிலைச் சரிவுகள் தொடங்கின. ஒரே மலையில் ஓரிரு மணி நேரத்திற்குள் மரஞ்செடிகள் இப்படி மாறுவதே தட்பவெப்ப நிலை மாறுவதற்குக் கண்கண்ட சான்று. காது அடைத்துத் திறந்தது. ஒருத்தி மடியில் வைத்திருந்த சிப்ஸ் பொட்டலம் தலையணை போல உப்பிவிட்டது. "இதற்குள் காற்றடித்தது யார்?" என்று அவள் கேட்க, பேருந்தே சிரித்தது. வெளியில் காற்றழுத்தம் குறைந்ததால் பொட்டலத்துக்குள் இருந்த சமவெளிக் காற்று விரிந்துவிட்டது என்பதைப் பிறகு விளங்கிக்கொண்டோம். அதே காரணத்தால்தான் ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் இரண்டு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்தோம். காலை பத்து மணிக்குப் பள்ளியில் 29 டிகிரி, ஊட்டியில் 17 டிகிரி. பன்னிரண்டு மணிக்குப் பள்ளியில் 33, ஊட்டியில் 21. இரண்டு முறையும் வேறுபாடு 12 டிகிரி. பாடநூலின் கணக்கு ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டதில் எங்களுக்குப் பெருமை. ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளியில் 35, ஊட்டியில் 20. நான்கு மணிக்குப் பள்ளியில் அதே 35, ஊட்டியிலோ 17. வேறுபாடு 18 டிகிரியாக உயர்ந்துவிட்டது! வெப்பமானி பழுதாகிவிட்டதோ என்று கூட ஒருத்தி ஐயப்பட்டாள்.

பழுது ஒன்றுமில்லை. நண்பகலுக்குப் பின் ஊட்டியில் நடந்ததை நினைவுபடுத்திப் பார்த்ததும் விடை கிடைத்தது. காலையில் வானம் நீலமாக, ஒரு துணுக்கு மேகமும் இல்லாமல் இருந்தது. வெயிலில் நின்றால் சுட்டது, நிழலில் நின்றால் குளிர்ந்தது. மலைச்சரிவுகள் வெயிலில் சூடேற, பள்ளத்தாக்குகளிலிருந்து காற்று சரிவு வழியே மேலே ஏறியது. ஏறிய காற்று குளிர்ந்து அதிலிருந்த நீராவி மேகமாயிற்று. ஒரு மணிக்கெல்லாம் தொட்டபெட்டா மறைந்துவிட்டது. மூன்று மணிக்குத் தாவரவியல் பூங்காவில் எங்களுக்குப் பத்தடி முன்னால் சென்ற தோழியைக் காணவில்லை, குரல் மட்டும் கேட்டது. பிறகு நாலு தூறல். ஊத்துக்குளியில் பிற்பகல்தான் வெப்பத்தின் உச்சம். மலையிலோ நண்பகலோடு உச்சம் முடிந்து, மேகம் குடை பிடித்துவிடுகிறது. உயரம் மட்டுமன்றி மேகமும் சேர்ந்தே மலையைக் குளிர்விக்கிறது என்பது நாங்களே கண்டறிந்த பாடம்.

மலையில் இளவேனில் வரும் முறை

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். மேல்நாட்டார் மார்ச்சு முதல் மே வரை வசந்தம் என்பர். தவக்காலத்தைக் குறிக்கும் 'லென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே பழைய பொருள் வசந்தம் என்பதுதான். பகல் நீளும் காலம் என்ற கருத்தில் பிறந்த சொல் அது. நம் உயிர்ப்புப் பெருவிழாவும் மார்ச்சு 21-ஆம் நாளோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறன்று வருகிறது. ஆனால் தொல்காப்பியம் மலைநிலமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும்தான் உரிய பருவங்களாகச் சொல்கிறது. வேனிலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டது. மலையின் வேனில், வேனில் போலவே இராது என்பதை முன்னோர் கண்டிருக்கிறார்கள் போலும்!

உதகையில் இக்காலத்தை மூன்று கட்டங்களாகக் காணலாம்.

முதலாவது, உறைபனி விலகும் கட்டம். மார்கழி, தை மாதங்களில் தொடங்கி மாசி வரையிலும் கூடச் சில இரவுகளில் புல்வெளிகள் வெண்மையாக உறைந்து கிடக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானில் இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் குன்றின் மேலே தப்பித்த தேயிலை, பள்ளத்தில் கருகிப் போகிறது. இந்தக் குளிரிலேயே சோலைகளின் ஓரத்தில் மலைப்பூவரசு என்னும் ரோடோடென்ட்ரான் மரங்கள் செந்நிறப் பூக்களைப் பூத்து, வரவிருக்கும் வேனிலை முன்கூட்டி அறிவிக்கின்றன.

இரண்டாவது, வறண்ட கட்டம். மாசிக் கடைசியும் பங்குனியும் மலைக்கு மிக ஆபத்தான நாட்கள். உறைபனியில் காய்ந்த புல் வெயிலில் சருகாகி நிற்கும். ஒரு தீக்குச்சி போதும், ஒரு மலைச்சரிவே எரிந்துவிடும். வனத்துறையினர் தீ பரவாமலிருக்க இடையிடையே புல்லை அகற்றித் தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். இதே நாட்களில் ஊட்டி, குன்னூர் சாலையோரங்களில் ஜகரண்டா மரங்கள் இலையுதிர்த்து ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்குகின்றன. பார்ப்பவருக்கு அழகு, காட்டைக் காப்பவருக்குக் கவலை.

மூன்றாவது, கோடை மழைக் கட்டம். பங்குனி இறுதியிலிருந்து வைகாசி வரை பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்யும். பாடநூல் இதனை மாஞ்சாரல் என்கிறது. சில நாட்களில் ஆலங்கட்டியும் விழும். இம்மழையை நம்பித்தான் மலை விவசாயிகள் ஏப்ரல், மே மாதங்களில் கார்போக உருளைக்கிழங்கை நடுகிறார்கள். 1848-இல் அமைக்கப்பட்ட அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதம் மலர்க் காட்சி நடக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கத்தைத் தொட்டதும் மலையின் வேனில் முடிகிறது.

"மலை காஞ்சா மாடு காயும்"

இவ்வளவும் எழுதி முடித்து, கட்டுரை நன்றாக வந்துவிட்டது என்று நினைத்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் தயிர் கடைந்துகொண்டிருந்த அவளுடைய அம்மாயி மத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதெல்லாஞ் செரி அம்மிணி, அந்த மலையில மழ பேஞ்சா நமக்கென்னன்னு எழுதலியா?"

நாங்கள் விழித்தோம். "அது ஊட்டி மழைங்க அம்மாயி, நம்ம ஊருக்கு எப்படிங்க வரும்?" என்று கேட்டோம்.

"மழ வராட்டித் தண்ணி வருமில்ல? மலை காஞ்சா மாடு காயும், கண்ணு" என்றார் அவர்.

ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது என்பதை நாடறியும். அந்த வெண்ணெய் எருமைப் பாலில் இருந்து வருகிறது. எருமையின் தோல் கறுப்பு. வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. ஆகவே வெயில் காலத்தில் அதற்குக் குடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, புரளவும் தண்ணீர் வேண்டும். கிடைக்காவிட்டால் பால் குறையும். நம் பகுதியோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கத்திலேயே பெரும்பகுதி பெய்து தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தால், கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் துளிர்க்கும். பெய்யாவிட்டால் தீவனத்துக்கும் விலை, தண்ணீருக்கும் விலை.

2024-ஆம் ஆண்டுக் கோடை அப்படித்தான் வந்தது. ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது. ஏப்ரல் இறுதியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. நாடித் துடிப்பைப் போல மலையின் வெப்பமும் அளவுக்கு மேல் ஏறினால் அது நோயின் அறிகுறி. நாங்கள் அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தோம். விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த அன்று அந்தத் தோழி எங்களிடம் சொன்ன முதல் செய்தி, "எங்க ஊட்டு எருமைய வித்துட்டோம்" என்பதுதான். குட்டை வறண்டு, கிணறும் வறண்டு, விலைக்குத் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகாமல், மூன்றில் ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். கன்றிலிருந்து அம்மாயி வளர்த்த எருமை அது. அன்று நாங்கள் அதை ஒரு வீட்டுத் துக்கமாகக் கேட்டுக்கொண்டோமே தவிர, தட்பவெப்ப நிலை என்ற பாடத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மலையிலிருந்து நம் குடம் வரை

அம்மாயியின் கேள்வியோடு மறுபடி புவிப்படத்தை விரித்தோம். நீலகிரியின் தென்மேற்கில் பவானி ஆறு பிறக்கிறது. கேரளத்துக்குள் சென்று, அட்டப்பாடியைக் கடந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது. குந்தா, குன்னூர்ப் பகுதிகளின் ஓடைகள் அதில் கலக்கின்றன. வடக்கே பைக்காரா ஆறு மோயாறாகி, பவானிசாகரில் பவானியோடு சேருகிறது. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் 105 அடி வரை நீரைத் தேக்கலாம். ஊட்டிப் புல்வெளியில் விழுந்த பெரும்பாலான துளிகளுக்கு எப்படியும் பவானியில்தான் வழி.

திருப்பூர் நகருக்கு மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றிலிருந்து குடிநீர் வருகிறது. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தின்படி, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரைக் குழாய் வழியே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளில் விடுகிறார்கள். ஊத்துக்குளி வட்டாரக் குளங்களும் அவற்றில் உண்டு. தண்ணீர் மட்டுமா? 1930-களின் தொடக்கத்தில் பைக்காராவில் எடுத்த நீர்மின்சாரம்தான் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருக வழி செய்தது. நம் அப்பா அம்மாமார்கள் வேலைக்குப் போகும் பனியன் கம்பெனிகளின் வரலாற்றிலும் மலைத் தண்ணீருக்குப் பங்கு உண்டு.

அணையை நிரப்புவது பெரும்பாலும் ஜூன் மாதத்துப் பருவமழைதான். அப்படியானால் மழையில்லாத பங்குனியிலும் மலை ஓடைகள் ஓடுவது எப்படி? சோலைக் காடும் புல்வெளியும் பஞ்சு போன்றவை. மழைக்காலத்து நீரை உறிஞ்சி வைத்து, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. அம்மாயி பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, தயிராக்கி, கடைந்து வெண்ணெயாக வைப்பது போல, மலையும் மழையைப் பக்குவமாக வைத்திருந்து கொடுக்கிறது. புல் எரிந்தால், சோலை அழிந்தால், அடுத்த மழை நின்று இறங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். கோடை மழை குறித்த காலத்தில் வந்தால் தீ அணையும், மண் நனையும், பருவமழையை வாங்கிக்கொள்ள மலை ஆயத்தமாகும். மலையின் இளவேனில் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. அது நம் குடத்துக்கும் நம் குட்டைக்கும் உரியது.

முடிவுரை

1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறினார். அன்று முதல் சமவெளி மக்கள் குளிர் தேடி மலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்துவிட்டது. எங்கள் பேருந்துக்கும் அதை வாங்கித்தான் போனோம். போகும் நாம் என்ன செய்யலாம்? பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போகாமல் வீட்டுச் செம்பிலோ எவர்சில்வர் பாட்டிலிலோ தண்ணீர் கொண்டு போகலாம். பங்குனியில் காட்டோரம் அடுப்பு மூட்டாதிருக்கலாம். நம் ஊரிலும் கூரைத் தண்ணீரைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் திருப்பலாம். எங்கள் வகுப்பின் சார்பில் பள்ளிக் கூரையின் மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்தோம். அதிலிருந்து வந்த சருகும், ஒரு பந்தும், இரண்டு பேனாவும் எங்கள் சோம்பலுக்குச் சாட்சி!

வெப்பமானி இப்போது வகுப்பறைக்கு வெளியே நிழலில் தொங்குகிறது. நாள்தோறும் இரண்டு மணிக்கு ஒருத்தி அளந்து எழுதுகிறாள். நாங்கள் போன பிறகு ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அதைத் தொடர வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். பல ஆண்டுகள் சேர்த்து எழுதினால்தான் கோடை மாறுகிறதா இல்லையா என்று யாரும் சொல்ல முடியும்.

ஊத்துக்குளி என்ற பெயரிலேயே ஊற்று இருக்கிறது. கதித்தமலையில் வேலால் குத்த ஊற்றுப் பெருகியது என்று ஊரார் கதை சொல்வார்கள். நம் ஊற்று எங்கே தொடங்குகிறது என்று இன்று எங்களைக் கேட்டால், மேற்கே விரல் நீட்டுவோம். மாலையில் மேற்கு வானில் மின்னல் தெரிந்தால் எங்கள் தோழியின் அம்மாயி கைகூப்புகிறார். முன்பு நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது அவரோடு சேர்ந்து நாங்களும் பார்த்து நிற்கிறோம்.